வலப்பக்கம் பார்க்கும் பறவைகள்

அம்மாவின் சமையலறைத் தொட்டியில் ஜாடியைத் தலைகீழாகப் பிடித்து அவன் கழுவிக்கொண்டிருந்தபோது தங்கை வாசல் நிலையில் வந்து நின்றாள். ஒரு கையில் அம்மாவின் கைப்பேசி, இன்னொரு கை இடுப்பில்.

"அண்ணா, அதையா எடுத்துட்டு வரப்போற?"

"ஆமா."

"சர்க்கரை போட்டு வைக்கிற ஜாடி மாதிரி இருக்கு."

"சர்க்கரை போட்டு வைக்கத்தான் செஞ்சாங்க. அதனால என்ன?"

"மயானத்துலயே ஸ்டீல் டப்பா குடுக்கறாங்களாம். திருகு மூடி, சிந்தாது. இந்த மூடி ஆடுது பாரு."

மூடி ஆடத்தான் செய்தது. அவன் அதைக் காதில் வாங்காமல் ஜாடியைத் துண்டால் துடைத்தான். முந்தின நாள் மதியம் ஆஸ்பத்திரியில் அம்மா இறந்துபோயிருந்தாள். எண்பதுக்கு இரண்டு குறைவு. நர்ஸ் மாத்திரை எடுக்கப் போயிருந்தாள், அவன் கீழே கேன்டீனில் இருந்தான், தங்கை வழியில் பஸ்ஸில் இருந்தாள். யாருக்கும் சிரமம் கொடுக்காமல் அந்த இடைவெளியில் போய்விட்டாள். இன்று பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வேன் அவளை நேரே மின்மயானத்துக்குக் கொண்டுவரும். சாம்பலை வாங்க ஒரு பாத்திரம் கொண்டுவரலாம், இல்லையென்றால் அங்கேயே கொடுப்பார்கள் என்று போனில் சொன்னார்கள். அதைக் கேட்டதுமே இந்த ஜாடிதான் அவன் நினைவுக்கு வந்தது. விடியும் முன்பே தன் வீட்டிலிருந்து துண்டில் சுற்றி எடுத்து வந்துவிட்டான்.

"அம்மா வரைஞ்ச ஜாடியிலதான் அம்மா இருக்கணும்," என்றான். ஜாடியைக் கவிழ்த்து அடியைக் காட்டினான். "பாரு. இலை, கீழ ரெண்டு புள்ளி. வருஷ எழுத்தையும் பாரு. நான் பொறந்த வருஷம்."

"நீ புடிச்ச முயலுக்கு மூணே கால்தான்," என்று தங்கை போய்விட்டாள்.

அம்மா வேலை பார்த்த பீங்கான் தொழிற்சாலையில் பெயின்ட் ரூம் என்று ஒரு நீள அறை இருந்தது. அதில் நாற்பது பெண்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தட்டிலும் குவளையிலும் ஜாடியிலும் கையால் படம் வரைவார்கள். வரைந்து முடித்ததும் அடியில் அந்த வருஷத்துக்கான எழுத்தோடு ஆளுக்கொரு அடையாளம். ஒருத்திக்கு மூன்று புள்ளி, ஒருத்திக்குப் பிறை, ஒருத்திக்கு ஒரு கோணல் கோடு. மேலே பூச்சு ஊற்றிச் சூளையில் வைத்துவிட்டால் பிறகு அது அழியாது. தொழிற்சாலை மூடி இருபது வருஷம் கழித்து அந்தச் சாமான்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் முளைத்தார்கள். இது யார் கை, அது யார் கை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அடையாளத்தைப் பார்த்துச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். குடிநீர் வாரிய அலுவலகத்தில் குமாஸ்தா, கல்யாணம் ஆகாதவன், பெயின்ட் ரூம்காரி ஒருத்தியின் மகன்.

எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் என்பார்கள். இவனுக்கு அடிதான் பிரதானம். எந்தத் தட்டைக் கண்டாலும் கவிழ்த்துத்தான் பார்ப்பான். கல்யாணப் பேச்சு நடந்த ஒரே வீட்டிலும் கோப்பையின் அடியைப் பார்க்கப்போய்க் காபியை மடியில் கொட்டிக்கொண்டான், பேச்சு அதோடு முடிந்தது. தங்கையின் பிள்ளைகள் அவனைத் 'தலைகீழ் மாமா' என்பார்கள். அவன் வீட்டு அலமாரியில் எல்லாமே கவிழ்ந்துதான் இருக்கும். வருகிறவர்கள் பார்ப்பது வரிசை வரிசையாக வெள்ளை அடிகளை.

அறுபத்து நாலு பக்கத்தில் ஒரு கையேடும் போட்டிருந்தான். இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. அதில் 'இலையும் இரு புள்ளிகளும்' என்ற தலைப்பில் மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தான். "இந்த ஓர் ஆண்டில் இக்கலைஞரின் பறவைகள் வலப்பக்கம் திரும்புகின்றன. கோடுகளில் அதுவரை இல்லாத ஒரு துள்ளல். முதல் குழந்தையின் வருகை தந்த மகிழ்ச்சி என்று கொள்ளலாம்." முதல் குழந்தை யார் என்று போடவில்லை. அடக்கம்.

அந்த வருஷத்துச் சாமான்கள் மட்டும் அவனிடம் நாற்பத்தொன்று இருந்தன. அம்மாவிடமிருந்து அவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான் என்றுகூடச் சொல்லலாம். அவள் அவனை அடித்ததில்லை, கட்டிக்கொண்டதும் இல்லை. தங்கைக்கு இரண்டும் தாராளமாகக் கிடைத்தன. அவனிடம் மட்டும் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போல, சாப்பிட்டியா, வெயிலா இருக்கா, பாத்துப் போ என்று மூன்றே பேச்சு. தாமரை இலைத் தண்ணீராகவே ஐம்பத்து நாலு வருஷம் ஓடிவிட்டது. ஆனால் அவன் பிறந்த வருஷம் அவள் கை இப்படித் துள்ளியிருக்கிறது. வாயால் வராதது கையில் வந்திருக்கிறது. அவன் அப்படித்தான் நம்பினான், அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அவன் ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன.

ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்க ஞாயிறு சாயங்காலம் பையில் போட்டு அம்மாவிடம் கொண்டுபோவான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடியைப் பார்ப்பாள்.

"ஆமா. என் அடையாளந்தான்," என்பாள்.

அதற்குமேல் ஒரு சொல் வராது. முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததாக அவனுக்கு நினைவில்லை. அவனும் திருப்பச் சொன்னதில்லை.

மின்மயானத்தின் காத்திருப்பு அறையில் முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள். அவனையும் தங்கையையும் விட்டால் வந்தது ஒன்பது பேர். அம்மாவின் பக்கத்து வீட்டுத் தம்பதி, தங்கையின் கணவர், இரண்டு பிள்ளைகள், ஆபீஸிலிருந்து இரண்டு பேர், அவன் தட்டு வாங்கும் பழைய சாமான் கடைக்காரர். கடைக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்லுமாதிரி இருந்தாங்களே சார்," என்றார். அப்புறம் என்ன சொல்வது என்று தெரியாமல், "காலைலேர்ந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்றார். அவன் தலையாட்டினான். அது ஆமா என்றா இல்லை என்றா அவனுக்கே தெரியவில்லை.

ஒன்பதாவது ஆள் கடைசியில் வந்தாள். ஒல்லியான, குள்ளமான கிழவி. தன்னைவிடப் பெரிய கைப்பையை மாட்டிக்கொண்டு, வாசலில் வருகைப் பதிவேட்டில் குனிந்து கையெழுத்துப் போட்டாள். நேரே அறையின் முன்னால் கிடத்தியிருந்த அம்மாவிடம் போனாள். நெற்றியிலோ கன்னத்திலோ தொடாமல் அம்மாவின் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஐந்தையும் தொட்டு முடித்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யாரு அது?" என்று அவன் தங்கையிடம் கேட்டான்.

"அம்மா போன்ல 'ஸ்டூல்'னு ஒரு நம்பர் இருந்துச்சு. ரிப்பேர் கடையோ என்னவோன்னு நினைச்சேன். வாராவாரம் ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு மணி நேரம் பேசியிருக்கா. நேத்து கூப்பிட்டுச் சொன்னேன். ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க."

"ஒரு மணி நேரமா? நம்ம அம்மாவா?"

"நம்ம அம்மாதான்."

பதினொன்றே காலுக்கு அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு லிப்டுக் கதவு போல இரண்டு பக்கமிருந்தும் வந்து மூடிக்கொண்டது. சாம்பல் கைக்கு வர மூன்று மணி நேரம் ஆகும் என்று அலுவலகக் குமாஸ்தா சொன்னார். ஆபீஸ்காரர்கள் கிளம்பினார்கள், பக்கத்து வீட்டுத் தம்பதி கிளம்பினார்கள். "கடைய அப்படியே போட்டுட்டு வந்தேன் சார். சாயங்காலம் முடிஞ்சா வாங்க, தனியா இருக்காதீங்க," என்று சொல்லிவிட்டுக் கடைக்காரரும் போனார். தங்கையின் கணவர் பிள்ளைகளைச் சாப்பிட அழைத்துப் போனார். மிச்சம் மூன்று பேர்.

அழுகை வரும் என்று அவன் எதிர்பார்த்தான். வந்தது ஒரு கேள்விதான், அதுவும் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"நீங்களும் பெயின்ட் ரூமாம்மா? உங்க அடையாளம் எது?"

தங்கை அவனை முறைத்தாள். அம்மா உள்ளே போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கிழவி கோபித்துக்கொள்ளவில்லை. "உங்கம்மாவுக்கு அடுத்த ஸ்டூல் நான். அடையாளம் வட்டம், நடுவுல ஒரு கோடு," என்றாள்.

"நீங்கதானா அது! அறியப்படாதவர் ஏழு!"

"என்னது?"

"கையேட்டுல அப்படித்தான் போட்டிருக்கேன். பேர் தெரியல. அம்மாகிட்டயும் கேட்டுப் பாத்தேன், ஞாபகமில்லன்னுட்டா."

"ஞாபகமில்லையாமா?" கிழவி மூடிய கதவைப் பார்த்தாள். "கள்ளி," என்றாள்.

"உங்க தட்டு எட்டு கெடச்சிருக்கு. எல்லாமே ஓரத்துல வெறும் வளையந்தான்."

"வேற எதுவும் தரமாட்டாங்களே எனக்கு. இடது கையாச்சே. பெயின்ட் ரூம்ல என் பேரே இடக்கைதான். செட்டுன்னா எல்லாத் தட்டுலயும் பறவை ஒரே பக்கம் பாக்கணும், இடப்பக்கம். வலது கைக்காரங்களுக்கு அது தன்னால வரும். நான் போட்டா வலப்பக்கந்தான் திரும்பும். கைய முறுக்கி அந்தப் பக்கம் போட்டேன்னா நோஞ்சான் கோழி மாதிரி வரும். சூப்பர்வைசர் பாத்துட்டு, நீ பொறந்ததே வளையம் போடத்தான்னுட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டேதான் பையிலிருந்து ஜாடியை எடுத்தான். வழக்கப்படி கவிழ்த்துத்தான் எடுத்தான். "அம்மா செஞ்சதுலயே இதுதான்..." என்று தொடங்கி நிறுத்தினான்.

இடக்கை அதை வாங்கினாள். அடியைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, அவன் வாழ்க்கையில் யாரும் அவன் எதிரில் செய்யாததைச் செய்தாள். ஜாடியை நேராக நிமிர்த்தி மடியில் வைத்தாள். நீலப் பறவைகள் ஏழு, ஒன்றன்பின் ஒன்றாகக் கழுத்தை நீட்டி வலப்பக்கம் பறந்துகொண்டிருந்தன. இடது கைக் கட்டைவிரலால் ஒரு சிறகைத் தடவினாள். விரல் கீழிருந்து மேலாக, வலமிருந்து இடமாக, யோசிக்காமல் போனது.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முப்பது வருஷமாக இதே வேலையாக இருப்பவன், ஒரு கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பார்க்கத் தெரியாதவனில்லை. பறவைகள் திரும்பியதைக் கண்டவன், எந்தக் கை திருப்பியது என்று பார்க்கவேயில்லை, அவ்வளவுதான்.

"உங்கம்மா உன்கிட்ட சொல்லவே இல்லையா தம்பி?"

"இல்ல."

"நான் சொல்லிருக்கக் கூடாதோ என்னமோ."

"நீங்க எதுவும் சொல்லலையே," என்றான். "சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க."

அவள் சொன்னாள். சொல்லும்போது ஜாடியைப் பார்த்தே சொன்னாள்.

"நீ பொறந்து மூணாம் நாள் அவ செவுத்தப் பாத்துப் படுத்தா. எந்திரிக்கல. காய்ச்சல் இல்ல, வலி இல்ல, ஒண்ணுமில்ல. எந்திரிக்க முடியல, அவ்வளவுதான். இப்பன்னா அதுக்கு டாக்டரு, மாத்திரை, பேருன்னு எல்லாம் இருக்கு. அப்ப சோம்பேறின்னாங்க. உங்கப்பா லாரிய எடுத்துட்டுப் போனா இருபது நாள் வரமாட்டாரு. குழந்தை பெத்தவளுக்குத் தொழிற்சாலையில ஒரு சலுகை உண்டு. வாரம் ஒரு பெட்டி சாமானை வீட்டுக்கே குடுத்துடுவாங்க, வரைஞ்சு திருப்பிக் குடுக்கணும். சனிக்கிழமை அடியைத் திருப்பி அடையாளத்தை எண்ணுவாங்க. கொறஞ்சா வேலையிலேர்ந்து பேர எடுத்துடுவாங்க. நானும் ஹாஸ்டல்ல தனியா கெடந்தவதான். பெட்டியத் தூக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தேன். ரெண்டு நாள் சொல்லிப் பாத்தேன், பிரஷ்ஷைக் கையில வச்சுப் பாத்தேன், கீழ விட்டுட்டா. மூணாம் நாள் நானே வரைஞ்சேன். எட்டு மாசம் இப்படியே போச்சு."

"எட்டு மாசமும்?"

"எட்டு மாசமும். ஷிப்டு முடிஞ்சு வந்து. அடியில மட்டும் அவ அடையாளம். பறவை ஏன் திரும்பியிருக்குன்னு சூப்பர்வைசர் கேட்டான். அவ புது மாதிரி போட்டுப் பாக்கறான்னேன். கடையில வித்துப்போச்சு, விட்டுட்டான்." சற்று நிறுத்தினாள். "பொய் சொல்லக் கூடாது, அவளுக்காக மட்டும்னு சொல்லமாட்டேன். எனக்கு அதுக்கு முன்னாடியும் பறவை குடுக்கல, அதுக்கப்புறமும் குடுக்கல. அந்த எட்டு மாசந்தான் வரைஞ்சேன். ஆசை தீர வரைஞ்சேன்."

தங்கை எழுந்து போய் மூன்று காகிதக் கோப்பைகளில் தண்ணீர் கொண்டுவந்தாள். யாரும் குடிக்கவில்லை.

"நான் எங்க இருந்தேன்?" என்று அவன் கேட்டான்.

"எங்க இருப்ப? என் மடியிலதான். உன்னை வலது கையில அணைச்சுக்கிட்டு இடது கையால வரைவேன். அதுக்கு மட்டும் இடது கை வசதி."

அவனுக்குப் பொறாமையாக இருந்தது. அம்மாவுக்கு இப்படி ஒரு ஆள் இருந்திருக்கிறாள். இவளுக்கு அம்மா இருந்திருக்கிறாள், வாரம் ஒரு மணி நேரம். அவனுக்கு இருந்தது நாற்பத்தோரு அடையாளம். ஐம்பத்து நாலு வயதில், சாம்பலுக்குக் காத்திருக்கும்போது, ஒரு கிழவியைப் பார்த்துப் பொறாமைப்படுவது வெட்கக்கேடுதான். வெட்கப்பட்டுக்கொண்டே பொறாமைப்பட்டான்.

"அப்ப அம்மா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா? அந்த எட்டு மாசத்துல?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்லப்பா," என்றாள். "உன்னைக் கொண்டுபோய்ப் பக்கத்துல போடுவேன். திரும்பமாட்டா. ஒம்பதாம் மாசம் ஒருநாள் தானா எந்திரிச்சா, குளிச்சா, வேலைக்கு வந்தா. மறுபடி பறவை இடப்பக்கம் திரும்பிடுச்சு. 'போன வருஷம் எவ்வளவு நல்லா போட்டே, இப்ப என்னாச்சு உனக்கு'ன்னு சூப்பர்வைசர் திட்டுவான். அவ என்னைப் பாப்பா. நான் குனிஞ்சுக்குவேன்."

"அப்புறம்? அதுக்கப்புறமாவது?"

"அதுக்கப்புறம் ஒரே கேள்விதான். 'எட்டு மாசம் நான் அவனைத் தூக்கலையேடி, அவனுக்குத் தெரிஞ்சிருக்குமோ'ம்பா. கைக்குழந்தைக்கு என்னடி தெரியும்பேன். 'இல்ல, தெரியும். அவன் பாக்கறதப் பாத்தா தெரியுது'ம்பா. உன் கண்ணப் பாத்துப் பேசவே அவளுக்குப் பயம். போன வாரம்கூட அதையேதான் கேட்டா."

போன வாரம் ஞாயிறன்று அவன் ஒரு சிறு குவளையைக் கொண்டுபோயிருந்தான். அம்மா கண்ணாடியை மாட்டி அடியைப் பார்த்தாள். சாப்பிட்டியா என்று கேட்டாள்.

"நீ ஒவ்வொண்ணா கொண்டு வரும்போதும் எனக்குப் போன் போடுவா," இடக்கை இப்போது லேசாகச் சிரித்தாள். "'இன்னொண்ணு புடிச்சுட்டு வந்துட்டான்டி, நான் என்ன பண்ணட்டும்'னு. உண்மையைச் சொல்லித் தொலைடின்னேன். 'எவ்வளவு ஆசையா எடுத்துட்டு வர்றான், எப்படிச் சொல்றது? அடையாளம் என்னுதுதானே, அதை மட்டும் சொல்லிடறேன்'னா. நீயும் அடிய மட்டுந்தான் காட்டுவியாமே."

அவன் எழுந்து ஜன்னலருகே போனான். வெளியே வேன் டிரைவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவனுக்கு அந்த இன்னொரு விஷயம் உறைத்தது. அம்மாவின் அடையாளம் போட்ட மற்ற வருஷத்துத் தட்டுகளும் ஒரு காலத்தில் அவனிடம் நிறைய இருந்தன. இடப்பக்கம் பார்க்கும் பறவைகள். 'கோடுகளில் விறைப்பு, சாதாரணம்' என்று கையேட்டில் அவற்றுக்கு ஒரே வரி. வலப்பக்கப் பறவை ஒன்று எங்காவது கண்ணில் பட்டால் இவற்றில் நாலைந்தைக் கொடுத்துவிட்டு அதை வாங்குவான். கடைசியாக இருந்த ஆறு தட்டையும் போன வருஷம் பழைய சாமான் கடைக்காரரிடம் கொடுத்துத்தான் இந்த ஜாடியை வாங்கினான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறான். நாற்பத்தொன்று இருந்தும், அம்மா கையால் வரைந்தது ஒன்றுகூட இப்போது அவனிடம் இல்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் அழுதான். சத்தம் வராமல் பார்த்துக்கொண்டான். தங்கை பக்கத்தில் வந்து நின்றாள், தொடவில்லை. அவனைத் தொட்டுப் பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

இரண்டரைக்குக் குமாஸ்தா கூப்பிட்டார். "பாத்திரம் கொண்டுவந்திருக்கீங்களா, இல்ல டப்பா தரட்டுமா?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள்.

"டப்பாவே குடுக்கச் சொல்லு," என்றான். "நீ காலைல சொன்னதுதான் சரி."

"ஏன், இதுக்கென்ன?" என்றாள் இடக்கை. ஜாடி இன்னும் அவள் மடியில்தான் இருந்தது. "அவ பேர் போகாம இருக்கத்தானே இதை வரைஞ்சேன். அவ இதுல இருக்கட்டுமே. உனக்கு வேணாம்னா எனக்காக."

அவன் தலையசைத்தான். குமாஸ்தா ஜாடியை வாங்கிக் கவிழ்த்து, ஒட்டுவதற்கு எண் எழுதிய சீட்டை எடுத்தார். "அடியில ஏதோ வரைஞ்சிருக்கே சார். அது மேல ஒட்டலாமா?"

"ஒட்டுங்க."

சாம்பல் ஜாடியில் முக்கால்வாசிதான் இருந்தது. மூடி ஆடாமலிருக்கத் தங்கை தன் கைக்குட்டையை மடித்து வாயில் வைத்து மூடினாள். ஜாடி அவள் வீட்டில் இருக்கட்டும் என்று அவன்தான் சொன்னான். தங்கை கணவரின் காரில் பின் சீட்டில் இடக்கை உட்கார்ந்தாள், இரு பக்கமும் பிள்ளைகள். பெரியது, "பாட்டி இதுக்குள்ள எப்படி?" என்று ஆரம்பித்து அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டது. இடக்கையைப் பஸ் நிலையத்தில் விடுவதாக ஏற்பாடு.

கடைத்தெரு முனையில் அவன் இறங்கிக்கொண்டான்.

"தனியா எங்கண்ணா போற? வீட்டுக்கு வா."

"வர்றேன். ஒரு வேலை இருக்கு."

இடக்கை கண்ணாடியை இறக்கினாள். "தம்பி, அந்தப் புஸ்தகத்துல என் பேர் எல்லாம் போடவேணாம். ஏழுன்னே இருக்கட்டும்," என்றாள். கார் கிளம்பிவிட்டது. அவள் பேரைக் கேட்க மறந்துவிட்டது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

பழைய சாமான் கடையில் ஆள் இல்லை. கடைக்காரர் உள்ளே, உடைந்த நாற்காலிகளுக்கும் கடிகாரங்களுக்கும் நடுவில், தாமதமாகிப்போன மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துகொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க சார், வாங்க. நீங்க வருவீங்கன்னு நான் நினைக்கல."

"அந்த ஆறு தட்டு இருக்கா?" என்றான் நின்றபடியே. "போன வருஷம் ஜாடிக்குக் குடுத்தேனே."

கடைக்காரர் முகம் சங்கடப்பட்டது. "அதுல நாலு போயிடுச்சே சார். யாரோ புதுசா வீடு கட்டினவங்க சுவத்துல மாட்டன்னு வாங்கிட்டுப் போனாங்க. எங்கேன்னு தெரியாது. ஒண்ணு உடைஞ்சுபோச்சு. ஒண்ணுதான் இருக்கு. அதுவும்..." காதைச் சொறிந்தார். "நீங்க கழிச்சுவிட்டதுதானேன்னு நானே இதுல சாப்பிட ஆரம்பிச்சுட்டேன். கீறலெல்லாம் விழுந்திருக்கு."

"பரவால்ல."

"இருங்க, கழுவித் தர்றேன்." பின்னால் போனவர் குழாயைத் திறக்காமல் திரும்பி வந்தார். அவனை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். "சார், காலைல கேட்டதுக்குத் தலைய ஆட்டினீங்க. கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

அவன் யோசித்தான். நேற்றுக் கேன்டீனில் ஒரு டீ.

"எனக்கு இன்னும் போடல. இதுல முதல்ல நீங்க சாப்பிடுங்க. அப்புறம் கழுவி எடுத்துட்டுப் போங்க. ஒண்ணும் பெரிசா இல்ல, சோறும் முட்டையுந்தான்."

மறுப்பதற்குள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டார். தூக்குப்பாத்திரத்திலிருந்து சோற்றைத் தட்டில் குவித்தார். அது மலைபோல் மூடிக்கொண்டது, தட்டில் ஓரத்து நீலக்கோடு மட்டும் தெரிந்தது. அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். முதல் இரண்டு கவளம் இறங்கவில்லை. மூன்றாவதிலிருந்துதான் தனக்குப் பசிக்கிறது என்று தெரிந்தது.

கடைக்காரர் தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவன் தட்டின் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சாப்பிட்டுக்கொண்டே வந்தான். முதலில் ஒரு வால் தெரிந்தது. பிறகு விறைப்பாக, நேர்கோடு போல ஒரு சிறகு. கழுத்து கொஞ்சம் அதிக நீளம், கண் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அதன் மேல் கரண்டிக் கீறல்கள். பறவை இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா சார்?"

"போடுங்க," என்றான். அவர் பாத்திரத்தைச் சாய்த்தபோது, "அந்தப் பக்கமா போடுங்க," என்று பறவையின் மேல் கையை வைத்துக்கொண்டான்.